ஏழு உச்சிக்காரி

ஓபர்கார் கிராமத்தைச் சுற்றி ஏழு உச்சிகள். பத்தொன்பதாவது வயதில், 1933-ஆம் வருடக் கோடையில், அஃப்ரா அந்த ஏழையும் ஏறி முடித்தாள். ஆஸ்திரியாவின் டைரோல் பக்கத்து மலைக் கிராமங்களில் அப்போதெல்லாம் பெண்கள் மலையேறுவதென்றால் மேய்ச்சல் மேட்டுக்குப் போய்ப் பால் கறந்துவிட்டு வருவதுதான். சும்மா, ஒரு வேலையும் இல்லாமல், ஒருத்தி உச்சி வரைக்கும் போய்விட்டு வந்தாள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. மேலே அப்படி என்னதான் வைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் வைக்கவில்லை, ஒருவரும் அங்கே என்னைக் கூப்பிட்டு வேலை சொல்வதில்லை என்றாள் அஃப்ரா.

மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ஒருவன் அவளைப் பெண் கேட்டான். நிச்சயம் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு இந்த மலை விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று அவன் சொன்ன மறு ஞாயிறே, ஏழில் மிகவும் கடினமான ரோட்கோகல் உச்சிக்குப் போனாள். இறங்கி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், மோதிரத்தை அவன் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஊரில் இருந்த ஒரே பெரிய விடுதி 'கருப்புக் கரடி'. அதன் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் செய்யும் ரொட்டி உருண்டை சூப்புக்காகவே பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வருவார்கள். விடுதிக்காரர் குவிரின் அவளைவிட இரண்டு வயது மூத்தவர். பின்னால் ஊர்த்தலைவரும் ஆனார். ஞாயிறு மதியம் மட்டும் அவளுக்கு விடுப்பு. பூசை முடிந்ததும் பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தேவாலயத்தின் பின்பக்கச் சுவரோரமாகவே ஏறத் தொடங்கிவிடுவாள். ஒரு கோடையில் ஏழு உச்சி. போர் நடந்த வருடங்களிலும் அந்தக் கணக்குக் குறையவில்லை.

1964 வசந்தத்தில் வியன்னாவிலிருந்து ஹாட்விகர் என்ற நூலாலை முதலாளி வந்து, ரோட்கோகலின் தெற்குச் சரிவு முழுவதையும் வேட்டைக்காக வாங்கினார். ஏழில் மூன்று உச்சிகளுக்கு அந்தச் சரிவில்தான் வழி. மனித நடமாட்டம் இருந்தால் மான்கள் மிரண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும் என்று சொல்லி, வழியை மறித்து முள்கம்பி இழுத்தார், பலகை வைத்தார். ஊர்த்தலைவர் குவிரின் ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டைக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் அவர் விடுதியில்தான் தங்கப் போகிறார்கள்.

அடுத்த ஞாயிறு அஃப்ரா கம்பிக்கு அடியில் படுத்து ஊர்ந்து அந்தப் பக்கம் போனாள். பாவாடை கிழிந்தது. எழுந்து நின்றால் எதிரே அவள் தம்பி வெண்டலின், தோளில் துப்பாக்கியோடு. ஹாட்விகர் அவனைத்தான் வேட்டைக்காவலுக்கு வைத்திருந்தார், குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார்.

"அக்கா, திரும்பிப் போயிடு. எனக்கு நாலு பிள்ளைங்க."

"உன் பிள்ளைங்களை நான் என்னடா பண்ணினேன்? மலைக்குப் போறேன்."

"போகக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு."

"படிச்சேன். எழுத்துப் பிழை இருக்கு, உன் முதலாளிகிட்ட சொல்லு." அவன் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சுடப் போறியா? இல்லேன்னா தள்ளி நில்லு. மேகம் கூடுறதுக்குள்ள நான் ஏறி இறங்கணும்."

அவன் தள்ளி நின்றான். ஆனால் சாயங்காலம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை குவிரின் சமையலறைக்கே வந்தார். ஏழு உச்சியில் மூன்று போனால் என்ன, நான்கு மிச்சம் இருக்கிறதே என்று நயமாகத்தான் ஆரம்பித்தார்.

"கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாம இரு, அஃப்ரா. மலை எங்கேயும் ஓடிடாது."

"மலை ஓடாது முதலாளி. வழிதான் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க."

மதியத்துக்குள் அவளுக்கு வேலை போயிற்று. கொதித்துக்கொண்டிருந்த சூப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அன்று விடுதியில் சாப்பிட்டவர்கள் அதைப் பற்றி வெகு நாள் பேசினார்கள்.

அபராதம் வந்தது. கட்ட மாட்டேன் என்றாள். கட்டாவிட்டால் மூன்று நாள் காவல் என்றார்கள். அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று துணிமூட்டையோடு வந்து நின்றாள். மூன்று நாளும் காவல்காரரிடம் சூப்பில் உப்பில்லை, பூண்டுத்தாள் இல்லை என்று சண்டை பிடித்ததில், மூன்றாம் நாள் அவரே அவளை அடுப்படியில் சமைக்க விட்டுவிட்டார். வெளியே வந்த ஞாயிறு மறுபடி கம்பிக்கு அடியில் ஊர்ந்தாள்.

இந்தக் கதை நகரத்தில் ஒரு வக்கீல் காதுக்குப் போயிற்று. அவரே வீடு தேடி வந்து சொன்னார்: ஊர்க்காரர்கள் முப்பது வருடம் தடையில்லாமல் நடந்த வழி என்று காட்ட முடிந்தால், யார் வாங்கினாலும் அது ஊர் வழிதான். ஆனால் அடைத்த பிறகு மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டால் போயிற்று. அஃப்ரா வீடு வீடாகப் போனாள். பன்னிரண்டு பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். குவிரினும் வீடு வீடாகப் போனார். கடைசியில் மிஞ்சியது ஒரே கையெழுத்து, அவளுடையது.

"ஒருத்தர் போதுமா, ஐயா?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

போதும், ஆனால் கஷ்டம் என்றார் அவர்.

"கஷ்டம் இருக்கட்டும். போதும்ல?"

1966 செப்டம்பரில் விசாரணை. ஊர்த்தலைவர் குவிரின் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார்: அந்தச் சரிவில் ஊர் வழி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அது ஆட்டுத்தடம், தன் நினைவு தெரிந்து ஊரில் யாரும் அதில் நடந்ததில்லை. நீதிபதி கனத்த உடம்புக்காரர். இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு, நானே போய்ப் பார்க்கிறேன் என்றார். ஹாட்விகரின் வக்கீல் அங்கே போவது மிகவும் சிரமம் என்று சொல்லிப் பார்த்தார். இந்த அம்மா வாரா வாரம் போகிறாரே என்றார் நீதிபதி.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை நீதிமன்றமே மலையேறியது. முன்னால் அஃப்ரா, அவள் பின்னால் நீதிபதி, எழுத்தர், இரண்டு வக்கீல்கள், குவிரின், ஹாட்விகர். எல்லோருக்கும் பின்னால் யாரையும் பார்க்காமல் வெண்டலின். ஹாட்விகர் புதுச் சப்பாத்து போட்டிருந்தார். சரளைச் சரிவு தொடங்கும் இடத்திலேயே முழங்கால் வலிக்கிறதென்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அஃப்ரா திரும்பிப் பார்க்காமல், நீதிபதியின் மூச்சுச் சத்தத்தை வைத்தே நடையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தாள். செங்குத்தான இடம் வந்தபோது பாறையில் படி செதுக்கியிருந்தது. பிடித்துக்கொள்ளத் துருப்பிடித்த இரும்பு முளைகள்.

ஆடுகள் நடந்து நடந்து பாறை தேய்ந்திருக்கிறது என்று குவிரின் விளக்கினார்.

நீதிபதி முளையைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். "இதையும் ஆடுதான் அடிச்சுதா?"

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

உச்சியில் மரச்சிலுவை, அதன் அடியில் தகரப் பெட்டி. ஏறி வருகிறவர்கள் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போகும் புத்தகம் அதற்குள் இருக்கும். நிரம்பியவற்றைக் கீழே கொண்டுபோக யாருக்கும் அக்கறை இல்லாததால் மூன்று புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நீதிபதி சிலுவையில் சாய்ந்து உட்கார்ந்து, அடியில் இருந்ததை எடுத்தார். ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன. முதல் பக்கங்களிலேயே 1933, அஃப்ரா. அதற்கப்புறம் ஒரு வருடமும் விடாமல் அஃப்ரா. பெயரோடு நிறுத்தியிருக்கவும் இல்லை. 'மூடுபனி. மூக்கு தெரியவில்லை. ஆனாலும் வந்தேன்.' 'இன்று விடுதி சூப்பில் முதலாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றவில்லை.' நீதிபதி சத்தமாகவே வாசித்தார். எழுத்தரால் இந்த முறை அடக்க முடியவில்லை.

பிறகு நீதிபதி வாசிப்பதை நிறுத்தினார். ஒரு பக்கத்தை இரண்டு முறை பார்த்தார். அதே குரலில் அதையும் வாசித்தார்:

"ஜூலை 1936. ஊர் வழியாகவே ஏறினோம். என் தாத்தா போன வழி, அப்பா போன வழி. இதை அடைக்க எவனாவது வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். குவிரின்."

நீதிபதி புத்தகத்தைக் குவிரின் பக்கம் திருப்பி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

குவிரின் தொப்பியைக் கழற்றினார். "அப்போ எனக்கு இருபத்துநாலு வயசு, ஐயா."

"வயசைக் கேக்கலை."

அவர் ஆமாம் என்று சொன்னது எழுத்தருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

இறங்கும்போது அஃப்ராவின் வக்கீல் அவள் பக்கத்தில் வந்து, இப்படி ஒரு வரி இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டார். முப்பது வருடமாகத் தெரியும் என்றாள். பின் ஏன் தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்ககிட்ட சொன்னா நீங்க கோர்ட்டுல சொல்லுவீங்க. கோர்ட்டுல சொன்னா மறுநாள் பெட்டியே இருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஏறினதுல பாதி, பெட்டி இருக்கான்னு பார்க்கத்தான்."

அடுத்த வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. வழி ஊருடையது. ஹாட்விகர் இரண்டு வருடத்தில் நிலத்தை விற்றுவிட்டுப் போனார். புதிதாக வாங்கியவர் வெண்டலினை வேலையில் வைத்துக்கொண்டார். முள்கம்பியை அவன்தான் சுருட்ட வேண்டியிருந்தது. அஃப்ரா பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தாள், ஒரு கை கொடுக்கவில்லை. அக்காவும் தம்பியும் ஒன்பது வருடம் பேசவில்லை. அவன் மனைவியை அடக்கம் செய்த அன்று, பானையோடு சூப் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அன்றும் அதிகம் பேசினார்கள் என்று சொல்ல முடியாது.

குவிரின் மறு தேர்தலில் தோற்றார். விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று ஆள் வரத்தும் குறைந்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். வரட்டும், ஞாயிறு மதியத்தோடு சனிக்கிழமையும் விடுப்பு என்றாராம். அவள் அதற்குள் மேய்ச்சல் மேட்டுக் குடிசையில் கோடை முழுவதும் மலையேறிகளுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்திருந்தாள். எனக்கு இப்போது எல்லா நாளும் மலையில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எழுபது வயதில் இடுப்பு மடங்க மறுத்தது. மருத்துவர் ஏறவே கூடாது என்றார். அவள் ஏழு உச்சியை நான்காகக் குறைத்துக்கொண்டாள். அதையும் மருத்துவருக்காகச் செய்யவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அந்த வருடம் ஊர் சபையில் புதிதாக வந்த இளவட்டங்கள் வழிக்கு 'அஃப்ரா வழி' என்று பெயர் வைத்து, அவள் முகத்தைச் செதுக்கிய பலகை ஒன்றைத் தொடக்கத்தில் நட்டார்கள். திறப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டபோது, வழி ஊருடையது என்று கோர்ட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் என் பெயரை எழுத நீங்கள் யார் என்று கேட்டாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் திருப்புளியோடு தானே போய் நான்கு திருகாணிகளையும் கழற்றி, பலகையை முதுகில் கட்டி இறக்கிக்கொண்டு வந்தாள். நல்ல ஊசியிலை மரம், வீணாக்க மனமில்லை. கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டாள், முகத்தை உள்பக்கமாகத் திருப்பி.