ஆகத் தவறான பதில்

பேருந்தில் ஒரு கிழவி ஏறினால் எர்நசார் உடனே எழுந்துவிட மாட்டார். எழுந்து இடம் தருவதா, பக்கத்து இளைஞனை எழுப்புவதா, ஓட்டுநரிடம் சொல்வதா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதா என்று விரல் மடக்குவார். நாலாவது விரல் மடங்குவதற்குள் வேறு யாராவது எழுந்திருப்பார்கள். "பாத்தியா, சரியான பதில் அவன்தான்" என்பார் மனைவியிடம். "அப்ப நீங்க எந்தப் பதில்?" என்பாள் அவள்.

கரகண்டா நகரில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் கேள்வி எழுதுகிறவர் அவர். கணக்கு இல்லை, இலக்கணம் இல்லை. இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு நாலு வழி கொடுப்பார். ஆகச் சரியானது எது, ஆகத் தவறானது எது என்று குறிக்க வேண்டும். விடையைப் பழைய மேஸ்திரிகள் கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். சிக்கலைப் பொறுக்கி வருவது மட்டும் இவர் வேலை. கல்யாண வீடு, சாவு வீடு, குதிரைக்கறி வேகும் அடுப்படி, எங்கும் காது நீண்டிருக்கும். "தப்பான பதிலுக்கும் நல்ல சட்டை போட்டு அனுப்பணும். இல்லைன்னா முட்டாள்கூடக் கண்டுபிடிச்சிருவான்" என்பார். அவர் தலையைக் கண்டாலே பெண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அக்கா ரய்குல் வீட்டில் மட்டும் பேச்சு மாறாது. ஞாயிறுதோறும் போவார். பால் தேநீரை அவள் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவாள். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. குறைத்து ஊற்றினால் மறுபடி மறுபடி நீட்டலாம், ஆள் இருக்கட்டும் என்று பொருள். நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

எங்கள் வழக்கப்படி, அக்கா மகன் வாழ்நாளில் மூன்று முறை எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. ரய்குல் மகன் கனிபெக் முதலில் ஒரு குதிரைக்குட்டியை வாங்கிக்கொண்டான். கல்யாணத்தின்போது மாமனின் நரித்தோல் தொப்பியை வாங்கிக்கொண்டான். மூன்றாவதைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தான். அப்பா சகிந்திக் இருமி இருமிச் செத்த அதே சுரங்கத்தில்தான் அவனும் இறங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் இருமல் வந்துவிட்டது. போன குளிர்காலத்தில் தரைக்கு மேலே, கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி காலியானது. அதற்கும் மாமன் கேள்வி எழுதும் தேர்வுதான்.

"மாமா, மூணாவதைக் கேக்கறேன்" என்றான்.

எர்நசார் வாசல் பக்கம் பார்த்தார்.

"பயப்படாதீங்க, பதில் எல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் நெஜமா செய்யறதைக் குறிக்கணுமா, செய்யணும்னு அவங்க நெனைக்கிறதையா?"

அவருக்குத் தெரியாதா என்ன? நிஜத்தைக் குறித்துத் தேறியவனை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கேள்வித்தாளின் தலையில் அச்சாகியிருப்பது அவரே எழுதிய வாசகம். "நீ உண்மையா என்ன செய்வியோ அதையே குறி" என்றார். விதியையும் மீறவில்லை, மருமகனையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார். படுபாவி.

கூட வேலை செய்கிறவன் குடித்துவிட்டு ஷிப்டுக்கு வருகிறான், என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. அவனை ஓர் ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, அவன் வேலையையும் தானே பார்த்து, யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் ஆகச் சரி என்று கனிபெக் குறித்திருந்தான். மேஸ்திரிகளின் விடைப்படி அது ஆகத் தவறு. வாயு கசிகிற இடத்தில் குடிகாரனை மறைத்தால் பத்துப் பேர் சாவார்கள். அவர்கள் சொன்னதில் பிசகில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே அவனைக் கழித்துவிட்டார்கள்.

ஞாயிறன்று எர்நசார் போனபோது கனிபெக் இருமி முடித்துவிட்டு, "நீங்க சொன்னபடியேதான் குறிச்சேன் மாமா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ரய்குல் விடவில்லை. "குடிச்சிட்டு வந்தவன் கதையை எங்கேருந்துடா எடுத்தே?"

"அக்கா, அது பொதுவா... பேரெல்லாம் மாத்தித்தான்..."

"பேரை மாத்தினா ஆளு மாறிடுமா? அந்தச் சுரங்கத்துல நீ வேலை பாத்தப்ப குடிச்சிட்டு வந்த உன்னை விளக்கு வெக்கிற அறையில படுக்கவெச்சு, தன் கோட்டைப் போத்திவிட்டு, உன் வேலையையும் சேத்துப் பாத்தாரே உங்க அத்தான்! சாகுற வரைக்கும் வாயத் தொறந்தாரா? சொல்லியிருந்தா உனக்கு வேலை ஏது, அப்புறம் படிப்பு ஏது? அப்பன் செஞ்சதைப் புள்ள குறிச்சான். அதுக்கு நீ என்னடா பேரு வெச்சிருக்கே?"

எர்நசார் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், மடியில் இருந்த கையில் ஒரு விரல் மடங்கியது. மன்னிப்புக் கேட்பதா, விதியை எடுத்துச் சொல்வதா...

அக்கா நாலாவது விரல்வரை காத்திருக்கவில்லை. அவருடைய கிண்ணத்தை இழுத்தாள். பாலை ஊற்றி, டிகாஷனை ஊற்றி, வெந்நீர் கொதிக்கும் சமோவாரின் குழாயைத் திறந்தாள். கிண்ணம் விளிம்பு நிறைந்து தளும்பும்வரை அதை மூடவில்லை.