நாலு எண்ணுகிற வரைக்கும்

“...நாலும் ஒரே சீரா வந்தா சரிதானே கண்ணு? அப்போ நம்ம தறிய விட சீரா எண்ணுறவன் இந்த நகரி ஊருல எவன் இருக்கான்?” என்று அறுந்த இழையை முடிச்சுப் போட்டபடியே நைனா சொன்னார்.

எனக்குப் பத்து வயது. புத்தூரில் ஒரு சாரிடம் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தேன். முதல் கிரேடு பரீட்சை திருப்பதியில். சனிக்கிழமை அவர் முன்னால் சரியாக வாசிப்பவர்களின் பெயரைத்தான் சார் அனுப்புவார். என் சிக்கலெல்லாம் நோட்டுகளின் நீளத்தில் இருந்தது. காம்பில்லாமல் வெறும் முட்டை போல் இருப்பது செமிபிரீவ், நாலு எண்ணிக்கை. முட்டைக்குக் காம்பு முளைத்தால் மினிம், ரெண்டு. உள்ளே கறுத்துவிட்டால் க்ராட்செட், ஒன்று. காம்பில் ஒரு வாலும் தொங்கினால் குவேவர், ஒன்றில் பாதி. வால் வந்தால் ஆயுசு குறைவு என்று சார் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நைனாவிடம் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “முழுசு, அரை, கால், அரைக்கால்னு சொன்னா ஆவாதா? இதுக்குப் போயி இன்னா பேருங்கமே இது!” என்றார். பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. எண்ணிக்கைக்குத் தறியைக் காட்டியதும் அவர்தான். ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா ஒரு தரம் குறுக்கே ஓடி அடித்தால் ஒன்று.

ஒரு வாரம் விசைத்தறி பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் அடிக்கு அடி வாசித்தேன். “தறி ஓடுதா, பாட்டு ஓடுதான்னே தெரியல” என்று அம்மா நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வகுப்பில் சார் கைதட்டினார். என் விரலோ தறியின் தட்டலில் ஓடியது. அவருடைய இரண்டாவது தட்டலுக்குள் என் முழு நோட்டு முடிந்துவிட்டது. அந்த வேகத்தில் குவேவர்கள் வந்தபோது விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

“எந்துகம்மா அந்த தொந்தர? பஸ்ஸு வெள்ளிபோத்துந்தா?” என்றார் சார். பஸ் போய்விடும் என்றா இத்தனை அவசரம்! சனிக்கிழமையும் இப்படியே வாசித்தால் பெயர் அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசினேன். “உன் தறியாலதான் நைனா என் பேரு பரிட்சைக்குப் போவாது!”

நைனா தறியைப் பார்த்தார், சொந்தத் தம்பிமேல் திருட்டுப் புகார் வந்ததுபோல. பிறகு வீட்டிலிருந்த இரண்டு தறிகளையும் நிறுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அத்தை குரல் கொடுத்தாள். “இன்னாண்ணா, கரண்டு போச்சா?”

“இல்லம்மா, பரிட்சை.”

அது தீபாவளிக்கு முந்தின மாதம். ஆர்டர் துணிக்காக விடியுமுன்பே தறி ஓடத் தொடங்கிவிடும். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் நைனா நின்றுகொண்டிருப்பார், வரும்போதும் நின்றுகொண்டிருப்பார். நிற்பது அவர் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். தெருவில் மற்ற தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதனால் உரக்க எண்ணினார். சார் எப்படித் தட்டினார் என்று நான் காட்டிய வேகத்தில், ஒவ்வொன்றாக. மெதுவாகப் போனபோது குவேவர்கூட விழாமல் நின்றது. கடைசி நோட்டு, காம்பில்லாத முட்டை. அழுத்தினேன்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

நாலு வரவில்லை. விரலை எடுக்காமல் காத்திருந்தேன். சத்தம் நீண்டுகொண்டே போனது. திரும்பிப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. என் பரீட்சை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தேன். இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டுக்காரிக்குப் பதில் சொல்லத் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலில் தலை இடித்து விழிக்கிறேன். அந்தத் தூக்கம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“நைனா! நாலு!” என்று கத்தினேன்.

“நாலு” என்றார், கண்ணைத் திறக்காமலே. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியே மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.