வாயைத் தொடாதவர்

ஒரகடத்தில் ஒரு சலூனின் உள்ளறையில் அவர் பல் வெளுத்துக் கொடுத்தார். போட்டிருந்தது டாக்டர் கோட்டு. படித்தது பல் மருத்துவம் இல்லை. யார் வாயிலும் கை வைக்க மாட்டார். பல் வரிசை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் தட்டில் ஜெல்லைப் பிதுக்கி, வந்தவனையே மாட்டிக்கொள்ளச் சொல்வார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார்.

என் ரூமில் இருந்த செல்வம், பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் அவரிடம் போனான். ஈறு வெந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் திரும்பினான். பெண் பார்க்கப் போவது நின்றது.

நான் நேராகக் கடைக்குப் போனேன். "படிக்காம எப்படிய்யா பல்லுல மருந்து வைப்ப?"

"நான் இன்னா அவன் வாயத் தொட்டனா? தொட்டாதான் கேசு. அவனே வெச்சிகினான், அவனே எடுத்துகினான்" என்றார் நிதானமாக.

தெரியாமல் செய்தவர் என்றால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். இது பல் டாக்டர் செய்ய வேண்டிய வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், சட்டத்துக்கு ஒரு விரல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, பிழைக்க வந்த பையன்களின் வாயை வேகவைத்தார்.

அப்போதும் ஒருவன் தட்டைக் கடித்தபடி, கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தான். "துப்புடா!" என்று கத்தி, அதை அவன் வாயிலிருந்து பிடுங்கினேன்.

அவர் துள்ளி எழுந்தார். "யோவ், அடுத்தவன் வாய்ல கைய வெக்கிற, நீ இன்னா டாக்டரா?"

அவர் நடிக்கவில்லை. முகத்தில் இருந்தது நிஜமான கோபம். அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.