அண்ணையும் அந்த ரப்பியும்

அண்ணையின் செத்தவீட்டன்றே உங்களில் சிலர் என் காதுக்குள் கேட்டுவிட்டீர்கள்: "உண்மையைச் சொல்லு பிள்ளை, கொண்ணை யூத சமயத்துக்கு மாறினவரோ?" கேட்காதவர்களின் கண்களிலும் அதுவே இருந்தது. இந்த நினைவு மலரில் அவரது புகழை மட்டும் எழுதிவிட்டு அதை மறைத்தால் உங்கள் ஐயம் இன்னும் வளரும். ஆகவே அறிந்ததை எழுதுகிறேன்.

அண்ணை நெடுந்தீவில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. ஊரில் தமிழாசிரியராக இருந்தார். பழைய நூல்களை உரையோடு படிப்பதென்றால் அவருக்குச் சோறு வேண்டாம். போர் அவரைச் சுவிஸுக்குத் துரத்தியது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஆர்காவ் மாநிலத்தில் ஒரு விடுதியில் இருந்தார். பின்னர் பாசல் நகரில் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். தான் கல்யாணம் செய்யாமலே எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தார்.

அந்த விடுதிக்கு அருகில் ஒரு கிராமம். ஒரு காலத்தில் சுவிஸ் யூதர்களை அப்பகுதியில் மட்டுமே குடியிருக்க விட்டிருந்தார்களாம். அங்குள்ள இடுகாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், கல்லறையை அண்ணை கண்டார். எபிரேய எழுத்தும் ஜெர்மன் எழுத்தும் ஒரே கல்லில் இருந்தன. யார் இவர் என்று தேடத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவேயில்லை.

ரப்பி ஒரு நடைவியாபாரியின் மகன். ஜெர்மனியில் படித்துத் திரும்பி, பிள்ளைகளுக்கு வேதத்தோடு ஜெர்மனும் கற்பித்தார். மரபைக் கெடுக்கிறார் என்று சொந்தச் சனமே அவரைச் சந்தேகித்தது. யூதருக்கு விரும்பிய இடத்தில் வாழும் உரிமை கேட்டபோது, இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். இரு பக்கத்துக்கும் பதிலாக அவர் செய்ததெல்லாம், வேதத்தில் அந்நியரைப் பற்றி வரும் வரிகளுக்கு ஓர் உரை எழுதியதுதான்.

"மூலம் ஒரு வரி, உரை ஒரு பக்கம். எங்கட உரைகாரர் மாதிரித்தான் பிள்ளை," என்பார் அண்ணை. அந்த உரையைத் தமிழாக்கவே எபிரேயமும் படித்தார்.

ஞாயிறுதோறும் அவர் அந்தக் கிராமத்துக்கு ரயிலேறியது எங்களுக்கு உறுத்தியது. சோலோதுர்ன் நகரில் இருக்கும் மாமா ஒருநாள் ரயிலில் அவர் கையில் எபிரேயப் புத்தகத்தைக் கண்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாமே சாட்சியாயிற்று. யூதர் மாதிரிப் பன்றி இறைச்சி தொடமாட்டாராம் என்றார்கள். அண்ணை பிறந்ததிலிருந்தே மரக்கறிச் சாப்பாடு என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

நான் நேரடியாகவே கேட்டேன். "அண்ணை, நீங்கள் சமயம் மாறிப்போட்டியளோ?"

"ஒரு மனுசனைப் பற்றிப் படிச்சா அவனாய் மாறவேணுமோ?"

அது ஓமும் அல்ல, இல்லையும் அல்ல. என் சந்தேகம் கூடிற்று.

இடுகாட்டுச் சாவியை வைத்திருந்த ரூத் என்ற யூத அம்மையாருக்கோ வேறு சந்தேகம். நல்ல வார்த்தை சொல்லி உள்ளே வந்த சிலர் முன்பு கற்களை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் அண்ணை கல்லெழுத்தைப் பார்த்து எழுதியபோது அவர் பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் விசாரித்து விட்டுவிட்டது. அடுத்த ஞாயிறும் அண்ணை போனார். பல மாதங்கள் பக்கத்தில் நின்று காவல் பார்த்த பிறகுதான் அந்த அம்மையார் ரப்பியின் உரைநூலைத் தந்தாராம்.

புற்றுநோயோடு அண்ணை பாசல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மாலை நான் அறைக்குள் போனேன். ரூத் அம்மையார் கட்டிலருகே இருந்து எபிரேயத்தில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் மந்திரம் ஓதி அண்ணையைத் தங்கள் பக்கம் எடுக்கிறார்களோ?

"இங்கே என்ன செய்கிறீர்கள்? என் அண்ணனை மாற்றிவிட்டீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ரப்பியின் உரையில் 'கேர்' என்றொரு எபிரேயச் சொல் வருகிறதாம். அதற்கு இரண்டு பொருள்: வந்து நம்மிடையே தங்கியவர், வந்து நம் சமயத்தில் சேர்ந்தவர். இந்த வரிகளில் முதற்பொருளே சரி என்று ரப்பி வாதாடியிருக்கிறார். அதற்குத் தமிழ் கிடைக்காமல் அண்ணை தவிப்பதால், அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கிறாராம்.

"நானும் இவரிடம் கேட்டேன், இரண்டில் நீங்கள் எது என்று," என்றார் அம்மையார். "முதலாவது, என்றார்."

அண்ணை கண்ணைத் திறந்தார். "பரதேசி எண்டு போடேலாது பிள்ளை, பிச்சைக்காரன் எண்டு நினைப்பினம். வந்து தங்கினவன் எண்டு போடுவம்."

அந்த வாரமே அவர் போய்விட்டார். தேவாரம் பாடி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சைவ முறைப்படி தகனம் செய்தோம்.

அண்ணையைப் பார்த்த மருத்துவர்கள், தாதியர், தேவாரம் பாடியவர்கள், சமைத்துக் கொண்டுவந்தவர்கள், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகள், சந்தேகத்தோடு வந்தவர்கள் உட்பட, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ரூத் அம்மையாருக்கும். எரிப்பது அவர்கள் வழக்கமல்ல. ஆனாலும் தகனசாலைக்கு வந்து வெளியே மழையில் நின்றார். இறந்தவரின் கல்லறையில் சிறு கல் வைப்பது அவர்கள் மரபு. ஒரு கல்லும் கொண்டுவந்திருந்தார். சாம்பலை றைன் ஆற்றில் கரைக்கப்போகிறோம், கல்லறை இல்லை என்று சொன்னேன். கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.