சம்பந்தி வீட்டு வாசலில் நிற்காமல்

ஐம்பது தாண்டிய எனக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும். எத்தனை பந்தயம் ஓடினாலும் ஒரு மணியைக் கொஞ்சம் தாண்டித்தான் முடிப்பேன். கொஞ்சம் என்றால், சப்பாத்துக் கயிறு கட்டுகிற நேரம்தான். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கெலாங் பாத்தாவில் விடியுமுன் பயிற்சி. சிங்கப்பூர் வேலைக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களில் யாராவது வேகத்தைக் குறைத்து, "அண்ணே, ஏறிக்கிறீங்களா?" என்பார்கள். கேலி இல்லை, உண்மையான கரிசனம். கம்பத்துத் தெருநாய் ஒன்று ஆரம்பத்தில் என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தது. பிறகு நடந்தே வந்தது. காலையில் எண்ணெய் வடியும் ரொட்டி சானாய் தின்பதை விட்டேன். கடைக்காரர், எனக்கு உடம்புக்கு என்ன என்று என் மனைவியிடம் விசாரித்தார்.

"ஒரு மணி ஆனா என்ன, ஒன்றரை மணி ஆனா என்ன? அங்க யாரு உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறா?" என்றாள் அவள்.

நின்றார்கள். அதுதான் வினை.

பத்து பாகாட் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். மேடில்லாத பாதை, இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அந்த ஊர்ப் பையனுக்குத்தான் என் மகளை நிச்சயம் செய்திருந்தோம். பையனின் அப்பா போன் செய்தார்.

"சம்பந்தி, ஓட்டம் நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் போவுதாம். வராம போயிறாதீங்க!"

"கண்டிப்பா வர்றேன்," என்றேன். வேறென்ன சொல்வது? சம்பந்தி வீட்டு வாசல்வரை வந்து வாய் நனைக்காமல் போனால், சாயங்காலத்துக்குள் பெக்கோக்கில் இருக்கும் பெரியப்பா வரைக்கும் சேதி போய்விடும்.

அன்று எட்டாவது கிலோமீட்டர்வரை கடிகாரம் என் பக்கம் இருந்தது. அடுத்த வளைவில் அந்த வீடு. சாலையோரத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் புதுத் துண்டு. பக்கத்தில் கைலி கட்டிய சம்பந்தி. கையில் பெரிய கிளாஸ் நிறைய சிராப் பண்டோங், ரோஜா நிறத்தில், ஐஸ் மிதக்க.

"வாங்க வாங்க! உக்காருங்க லா!"

உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையும் கூப்பினேன். கால் நிற்கவில்லை.

"மன்னிச்சிருங்க சம்பந்தி! முடிச்சிட்டு வந்துர்றேன்!"

"அலமாக்! ஒரு வாயாச்சும் குடிச்சிட்டுப் போங்க!"

கிளாஸோடு பின்னாலேயே ஓடி வந்தார். அறுபது வயது, ஜப்பான் சிலிப்பர், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த என்னை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டினேன். பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல்:

"ஏங்க, அவருக்கு ஏதோ அவசரம்போல. நம்ம வீட்டுலயே பாத்ரூம் இருக்குன்னு சொல்லுங்க!"

"சம்பந்தி, பாத்ரூம் இருக்காம்!" என்று அவரும் கத்தினார்.

நல்லவேளை, சிலிப்பர் வார் அறுந்தது. அவர் நின்றுவிட்டார்.

மீதித் தூரம் முழுக்க ஒரே எண்ணம். மரியாதையைத்தான் விட்டுவிட்டு வந்தாயிற்று. நேரத்தையும் விட்டால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? முழங்கால் கெஞ்சியது. "கல்யாணத்தன்னிக்கு உக்காந்துக்கலாம், இப்ப ஓடு," என்று அதை அதட்டினேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணிக்குள். இரண்டு தடவை பார்த்தேன், அப்போதும் ஒரு மணிக்குள்தான்.

பதக்கத்தை வாங்கிக்கொண்டு, படத்துக்கு நிற்காமல், வந்த வழியே நொண்டிக்கொண்டு நடந்தேன். எதிரே ஓடி வந்தவர்கள், நான் வழி தவறிவிட்டதாக நினைத்துக் கை காட்டினார்கள்.

சம்பந்தி அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார், முகம் கொடுக்காமல். ஐஸ் கரைந்திருந்தது. கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"ஒரு மணிக்குள்ள முடிச்சிட்டேன் சம்பந்தி."

காலிக் கிளாஸை என் கையிலிருந்து வாங்கினார்.

"பின்னே? நான் தொரத்துனேன்ல!"

அவர் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

"அடுத்த வருசம் நேரத்தை இன்னும் கொறைக்கணும். சிலிப்பர் பத்தாது, நீங்க நல்ல சப்பாத்து ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க," என்றேன்.