ஒரே தொட்டித் தண்ணீர்

சிசிலியில், அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டியைத் துப்புரவு செய்தவள் என் மகள். இதை நான் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். நூற்றாண்டுகள் கண்ட வெள்ளைக்கல். சுற்றிவரச் செதுக்கிய திராட்சைக்கொடி, மெழுகுதிரிப் புகையில் கறுத்து, கொடியென்றே தெரியாமல் கிடந்தது. நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி, இலை இலையாக அவள் அதை வெளியே கொண்டுவந்தாள். லிபெர்த்தாத் தெருவில் பணக்காரச் சிஞ்ஞோராக்களின் வீட்டுத் தரை துடைத்தவனின் பிள்ளை. பங்குத்தந்தை பூசையில் அவள் பெயரைச் சொன்னபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவள் படித்தது பழைய கல்வேலைகளைச் செப்பனிடும் படிப்பு. அதற்காக இங்கிலாந்துக்குப் போய் ஒரு வருடம் இருந்தாள். அங்கே ஒரு கிராமக் கோயிலின் பழைய தொட்டியில்தான் கை பழகினாள். மந்திரவேலைக்காக யாரும் தண்ணீரைத் திருடாதபடி அந்தக் காலத்தில் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டுவார்களாம். சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தண்ணீரைப் பற்றி எனக்கும் ஒரு பயம் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லாமலே வளர்த்தேன்.

அவள் பிறந்த வருடம் எங்கள் கோயிலில் இரண்டு தமிழ்க் குழந்தைகள். ஒன்று அவள், மற்றது ஊரில் தீவுப்பக்கத்தைச் சேர்ந்த ஒரு சமையல்காரரின் மகன். இரண்டுக்கும் ஒரே ஞாயிறு, ஒரே தண்ணீர் என்று பங்குத்தந்தை தீர்மானித்தார். சமையல்காரர் குடும்பம் வேறு சாதி. ஊரில் எங்கள் கோயிலில் அவர்கள் ஆட்களுக்கு உட்காரத் தனி வாங்கு இருந்தது. நான் ஊரில் ஆசிரியர். சமத்துவம் பற்றி மேடையில் பேசியவன். அந்தப் பையனின் தலை நனைந்த தண்ணீரில் என் மகளின் தலை நனையக்கூடாது என்று நினைத்தேன். மனைவிக்குக் காய்ச்சல் என்று பங்குத்தந்தையிடம் பொய் சொல்லி, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் பல்லரோச் சந்தையில் என் மனைவி மீன் வாங்கிக்கொண்டு நின்றாள். சமையல்காரர் கண்டுவிட்டார்.

“காய்ச்சல் மாறிட்டுதோ அக்கா?” என்று கேட்டாராம்.

என் மனைவி வீட்டுக்கு வந்து மீனை வைத்துவிட்டு அழுதாள். இந்தப் பொய் வேண்டாம் என்று அவள் ஏற்கெனவே சொன்னவள். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் என்னைக் கண்டால் “மாஸ்டர்” என்று சொல்லி ஒதுங்கி வழிவிடுவார். நான் அவரை “நீங்கள்” என்று மதிக்காமல் “நீர்” என்றே கதைத்தேன். பிள்ளைகள் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம் போய், சிசிலிக்காரரின் இழுவையோடு இத்தாலியன் கதைத்து, அண்ணன் தங்கை மாதிரி வளர்ந்தன. நான் தடுக்கவில்லை. அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் என் மகளுக்கு ஒரு பெண்குழந்தை. துப்புரவான தொட்டியில் முதல் ஞானஸ்நானம் அந்தப் பிள்ளைக்கு. ஞானத்தகப்பனாகச் சமையல்காரரின் மகனே நிற்கவேண்டும் என்றாள் மகள்.

“பப்பா, நீங்கள் போய் அவையின்ர வீட்டில முறையாக் கேளுங்கோ.”

என் மனைவி இப்போது இல்லை. பெரியவன் என்று கேட்கப் போக நான்தான் மிச்சம். அதுவரை நான் ஏறாத படிகளில் ஏறிப் போனேன். சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள்தான் உதவி செய்யவேணும்” என்று தொடங்கினேன்.

“என்ன மாஸ்டர், இண்டைக்கு ‘நீங்கள்’ எண்டுறியள்? இப்ப உங்களுக்கோ காய்ச்சல்?”

நான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அந்தக் காய்ச்சல் கதையை என்ர மகனுக்கு நான் எப்பவோ சொல்லிப்போட்டன். அவன் உங்கட பிள்ளைக்குச் சொல்லயில்லை. அது அவன்ர குணம். நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கோ. விஷயம் தெரியாமல் கேக்கிற பிள்ளைக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்.”

மகள் இல்லையென்றால் எனக்கு வேறு ஆளில்லை. அவள் முகத்தில் என்மேல் இருக்கும் மரியாதைதான் இந்த ஊரில் என் சொத்து. ஆனாலும் அடுத்த நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“ஏன் இப்ப சொல்லுறியள்?”

“அவர் சொல்லச் சொன்னவர்.”

“அவர் சொல்லாட்டி?”

“சொல்லியிருக்கமாட்டன்.”

மனச்சாட்சி உறுத்தியது என்று சொல்லியிருக்கலாம். உறுத்தியதும் உண்மை. ஆனால் அது ஒருநாளும் என்னை வாய் திறக்க வைக்கவில்லை.

அவள் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பல நாள் தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு அவளே அழைத்தாள்.

“பப்பா, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மாமா ஓம் எண்டிட்டார். மாமாவும் அவற்ற மகனும் தொட்டிக்குப் பக்கத்தில நிப்பினம். நீங்கள் ரெண்டாம் வரிசை. சரியோ? வா பேனே?”

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பேரப்பிள்ளையின் தாத்தாவுக்கு இரண்டாம் வரிசையா என்று வீட்டுக்குள் நடந்தேன். நடந்து களைத்தபோது கோபமும் களைத்திருந்தது. தகப்பன் முகத்துக்கு நேரே நியாயம் சொல்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். நான் அந்த வயதில் என் தகப்பனிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

“வா பேனே, பிள்ளை” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் கோட் போட்டு வந்து வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மகள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அவருடைய அகன்ற முதுகு மறைத்ததில் தண்ணீர் ஊற்றியதை நான் காணவில்லை. குழந்தை வீரிட்டது மட்டும் கேட்டது. கோயில் முழுக்க எதிரொலித்தது.

அவர் தலையை அரைவாசி திருப்பினார்.

“நல்ல தொண்டை, மாஸ்டர். மேடைக்கு ஆகும்.”

என் மகள் சிரித்துவிட்டாள். அத்தனை நாளுக்குப் பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் வரிசையில் நிமிர்ந்து நின்றேன்.