பெரிய பாயும் எங்கள் எடையும்

ஆடி பிறந்துவிட்டால் ஏரியூர்ப் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரில் காற்று ஓய்வதே இல்லை. அந்த மாதம் முழுக்க எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விடிந்ததும் ஒரே பேச்சுதான். பெரிய பாயா, சின்னப் பாயா?

கடலோர விடுதி ஒன்றில் படகு ஓட்டியவர் அவர். அங்கே கழித்துப்போட்ட பாய்மரப் படகை ஊருக்குக் கொண்டுவந்து மீன்பிடிக்க வைத்துக்கொண்டோம். ஒல்லியான இரண்டு ஃபைபர் ஓடங்கள், அவற்றைச் சேர்க்கும் கம்பிகள், நடுவே உட்கார வலைத்துணி. அவர் அதைக் கேட்டமரான் என்பார். காற்று பாயில் அடித்தால் ஒரு பக்கத்து ஓடம் மேலே எழும்பும். இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்து எங்கள் எடையால் அதை அமுக்க வேண்டும்.

போன வருஷம் அவருக்குக் காசநோய் வந்தது. மாத்திரையில் நோய் போனது. இளைத்த உடம்பு மட்டும் தேறவில்லை.

இந்த ஆடியில் ஒரு நாள், அடித்த காற்றில் கரையிலேயே என் முந்தானை நிற்கவில்லை.

"சின்னத கட்டுங்க," என்றேன்.

"இந்தக் காத்துக்குப் பெருசத்தான கட்டிட்டிருந்தோம். சின்னத கட்டுனா வலைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும் புள்ள."

வாதாடத் தெம்பில்லை. சரி என்றேன்.

நடுத்தண்ணீரில் காற்று ஓங்கி அடித்தது. சாய்ந்தோம். ஓடம் இறங்கவில்லை. அவர் பாய்க்கயிற்றை விடுவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

முன்பும் கவிழ்ந்திருக்கிறோம். கீழ் ஓடத்தில் ஏறி நின்று, மேல் ஓடத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். இந்த முறை பாய் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழுந்து, திரும்ப விழுந்தது. மறுபடி இழுத்தோம். மறுபடி விழுந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் பயமில்லை, கைதான் மரத்துப்போனது.

பரிசலில் வந்த ஒருவர் ஏறி நின்று கூட இழுத்தார். படகு நிமிர்ந்தது.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் வெயிட்டே இல்லீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரை சேர்ந்தோம். வீட்டுக்காரர் பெரிய பாயை அவிழ்த்துவிட்டுச் சின்னதைக் கட்டினார்.

"காத்து எப்பவும் போலத்தான் இருக்குது. நாந்தான் கொறஞ்சுட்டேன்."

நான் கயிற்றின் மறுமுனையை இறுக்கினேன்.

இப்போது காற்று கொஞ்சம் கூடினாலும் சின்னப் பாய்தான். ஊர்ந்து ஊர்ந்து போகிறோம். வலையை எட்டும்போது வெயில் ஏறி, பாதி மீன் கெட்டுக் கிடக்கிறது. திரும்பி வந்ததும் ஈரத்துணியோடு கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். வீட்டுக்கு நடக்க இருவருக்கும் உடனே மனசு வருவதில்லை.